ஒரு மைல் தள்ளி நிற்கும் வீடு: ஹார்டியின் வெசெக்ஸில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: டார்செஸ்டர்

ரெடிங்கில் இருக்கும் அக்காவின் வீட்டிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் டார்செஸ்டர் வந்து சேர்ந்தோம். வண்டி ஓட்டியவள் அக்கா. மடியில் இரண்டு பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு வழி சொல்லும் பொறுப்பு என்னுடையது. ஒன்று, ஹெர்மன் லீ எழுதி 1913-இல் மாக்மில்லன் வெளியிட்ட 'தாமஸ் ஹார்டியின் வெசெக்ஸ்'. மற்றொன்று, எஃப்.பி. பினியன் 1968-இல் தொகுத்தளித்த 'ஹார்டி துணைநூல்'. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஆண்டுகளில் ஹார்டியின் நாவல்களைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அவை நடக்கும் மண்ணை ஒருமுறைகூட மிதித்ததில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, ஓய்வுபெற்ற பிறகு இப்போதுதான் வாய்த்தது.

ஹார்டியைப் படிக்காதவர்களுக்காகச் சில செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1840-இல் இந்த டோர்செட் மாவட்டத்தில் பிறந்து, 1928-இல் இதே மாவட்டத்தில் இறந்தவர் தாமஸ் ஹார்டி. 1874-இல் வெளிவந்த 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரௌட்' நாவலில், பழைய சாக்சன் அரசு ஒன்றின் பெயரான வெசெக்ஸ் என்பதைத் தம் கதைக்களத்துக்கு முதன்முதலாகச் சூட்டினார். அதன்பின் நாவலுக்கு நாவல் அந்த நாடு விரிந்துகொண்டே போயிற்று. டார்செஸ்டர் காஸ்டர்பிரிட்ஜ் ஆயிற்று, வேமத் பட்மத் ஆயிற்று, சாலிஸ்பரி மெல்செஸ்டர் ஆயிற்று, ஆக்ஸ்ஃபர்ட் கிறைஸ்ட்மின்ஸ்டர் ஆயிற்று. அக்கா குடியிருக்கும் ரெடிங்கூட 'ஜூட்' நாவலில் ஆல்ட்பிரிக்கம் என்ற பெயரில் வருகிறது. இத்தனை ஆண்டுகளாக ஒரு நாவலின் ஊரில் வாழ்ந்திருக்கிறாய் என்று நான் சொன்னபோது, அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் புன்னகைத்தாள்.

பெயரை மாற்றினாலும் ஆறும் குன்றும் தேவாலயமும் அடையாளம் தெரியும்படியே இருந்ததால், வாசகர்கள் ஊர் ஊராகத் தேடி வரத் தொடங்கினார்கள். 1895-இல் வெளிவரத் தொடங்கிய தொகுப்புப் பதிப்பில் வெசெக்ஸின் வரைபடம் ஒன்றை ஹார்டியே சேர்த்தார். தேடி வந்தவர்களின் கையில் கொடுப்பதற்காக அடுத்தடுத்துத் துணைநூல்கள் தோன்றின. 1902-இல் பெர்ட்ரம் விண்டிலின் நூல், 1904-இல் சார்ல்ஸ் ஹார்ப்பரின் நூல், அதே ஆண்டில் லீயின் முதல் கைநூல், 1911-இல் சாக்ஸல்பியின் ஹார்டி அகராதி என்று, ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய கற்பனை நாட்டுக்கு ஒரு சிறு நூலகம் உருவாகிவிட்டது. உரையாசிரியர்களின் கைபிடித்தே பழம்பாடல்களுக்குள் நுழைந்து பழகிய நமக்கு, இத்தகைய நூலின் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் மண்ணுக்கு உரை எழுதுவது வேறொரு வேலை. சொல்லுக்குப் பொருள் சொல்பவரை மறுக்க இன்னொரு சொல்தான் வேண்டும். இதுதான் அந்த இடம் என்று சொல்பவரை நேரில் போய்ப் பார்த்தே சரிபார்த்துவிடலாம்.

பிற்பகல் முழுவதும் 'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்' நாவலின் தெருக்களில் நடந்தோம். ஹை ஈஸ்ட் தெருவில் கிங்ஸ் ஆர்ம்ஸ் விடுதி, சாலைக்கு மேலாகப் பிதுங்கிய தன் சன்னலோடு இன்றும் நிற்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் குடிபோதையில் தன் மனைவியை ஏலத்தில் விற்ற ஹென்சர்ட், இப்போது மேயராக விருந்தின் தலைமையில் அமர்ந்திருப்பதை, விற்கப்பட்ட அந்தப் பெண் தெருவில் நின்று பார்ப்பது இந்தச் சன்னலின் வழியாகத்தான். விருந்து நடக்கும் அறையை அவ்வளவு உயரத்தில் வைத்தது ஏன் என்பது, கழுத்தை நிமிர்த்தி அண்ணாந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

சவுத் தெருவில் நெடுங்காலம் வங்கியாக இருந்த ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் நீல நிறப் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. ஹார்டியின் கதையில் வரும் காஸ்டர்பிரிட்ஜ் மேயர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீடு இது என்று அதில் எழுதியிருக்கிறது. அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

"இல்லாத மனுஷனுக்கு எதுக்கு தம்பி பலகை வச்சிருக்காங்க?"

என்னிடம் அப்போது பதில் இல்லை. சிவப்பும் சாம்பல் நிறமும் கலந்த செங்கல் முகப்பு என்று நாவல் வருணிப்பதையும், எதிரே நிற்கும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதே நாவலில், சந்தையைப் பார்த்தபடி லூசெட்டா என்ற பெண் குடியிருக்கும் மாளிகையைத் தேடினால் சந்தை அருகே அது கிடைக்காது. அதற்கு மூலமான காலிட்டன் மாளிகை, ஊரின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. சந்தையின் பேரமும் வண்டிகளின் நெரிசலும் அந்தப் பெண்ணின் சன்னலுக்குக் கீழே நடக்க வேண்டும் என்பதற்காக, ஹார்டி அந்த மாளிகையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து முச்சந்தியில் நட்டுவிட்டார்.

இரண்டாம் நாள்: அருங்காட்சியகமும் மாக்ஸ் கேட்டும்

டோர்செட் அருங்காட்சியகத்தில் ஹார்டியின் படிப்பறையை அவருடைய பொருள்களைக் கொண்டே திரும்ப அமைத்திருக்கிறார்கள். மேசையின் மேல் அவருடைய பேனாக்கள் இருக்கின்றன. எந்தப் பேனாவால் எந்த நாவலை எழுதினார் என்பதை அதன் எலும்புக் கைப்பிடியிலேயே பெயராகக் கீறி வைத்திருக்கிறார். நாள்காட்டி ஒன்று மார்ச் 7 என்ற தேதியிலேயே நிற்கிறது. 1870-இல் தம் முதல் மனைவி எம்மாவை அவர் முதன்முதலாகச் சந்தித்த நாள் அது. 1912-இல் எம்மா இறந்த பிறகு, மனம் பிரிந்து வாழ்ந்த ஆண்டுகளுக்காக அவர் எழுதிய கவிதைகளை அறிந்தவர்கள் அந்த நாள்காட்டியின் முன் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள்.

பேனாவின் மீது நாவலின் பெயரைக் கீறி வைத்த மனிதருக்குத் தம் கற்பனை நாட்டின் வரைபடத்தைப் பற்றி அக்கறை இல்லாமல் இருந்திருக்க முடியாது. அங்கேதான் லீயின் கதை வருகிறது. ஹெர்மன் லீ ஒரு புகைப்படக்காரர். ஹார்டியோடு நெருங்கிப் பழகி, முதலில் சைக்கிளிலும் பின்னர் மோட்டார் காரிலும் அவருடன் இந்த வட்டாரத்தைச் சுற்றியவர். அவர் நூலின் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் அவரே எடுத்தவை. நாவலுக்கு ஓர் இயலாக அமைந்த அந்த நூல், 1912-இல் வெளிவரத் தொடங்கிய ஹார்டியின் இறுதிப் பதிப்பான வெசெக்ஸ் பதிப்புக்குத் துணையாக, அதே பதிப்பகத்தின் வழியே வந்தது. படைப்பாளியே பக்கத்தில் நின்று சுட்டிக்காட்டிய துணைநூல் உலகத்தில் எத்தனை இருக்கும்?

ஆனால் அந்தச் சுட்டலில் ஹார்டி மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தார். அதே பதிப்புக்கு அவர் 1911-இல் எழுதிய பொது முன்னுரையில், இன்ன ஊர்தான் இன்ன பெயரில் வருகிறது என்று கண்டறிந்து அச்சில் எழுதியவர்களைத் தாம் மறுக்கவில்லை என்கிறார். ஒத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்வதில்லை. மறுக்கவில்லை என்பதோடு நின்றுகொண்டு, அவர்களுடைய அன்பான ஈடுபாட்டுக்கு அடையாளமாக அதை ஏற்கிறார். தம் நாட்டைப் பாதி உண்மை, பாதி கனவு என்று வேறோர் இடத்தில் அவரே சொன்னதோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வகுப்பில் நான் சொல்லத் தவறிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1895-இல் தொடங்கிய தொகுப்புப் பதிப்புக்காகத் தம் பழைய நாவல்களைத் திருத்தியபோது, ஊர்ப்பெயர்களும் தொலைவுகளும் ஒன்றோடொன்று பொருந்தும்படி ஹார்டி மாற்றினார். தனித்தனியாகப் பிறந்த கதைகள் ஒரே நிலத்தில் குடியேற்றப்பட்டது அப்போதுதான். வாசகர்கள் நாவலிலிருந்து மண்ணை நோக்கி நடந்துகொண்டிருந்த காலத்தில், நாவல்களும் மண்ணை நோக்கிச் சில அடிகள் நடந்து வந்திருக்கின்றன.

மாலையில் மாக்ஸ் கேட் போனோம். 1885-இல் தாமே வரைந்து, தந்தையையும் தம்பியையும் கொண்டு கட்டிய வீடு. 'டெஸ்' எழுதப்பட்ட வீடும் இதுதான். அழகான வீடு என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் எழுதுவதற்கு ஏற்ற வீடு. மேல்தளத்துச் சன்னலருகே நின்றபோது பெய்யத் தொடங்கிய மழை, நாங்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை.

மூன்றாம் நாள்: படில்டவுன், வாட்டர்ஸ்டன்

இந்தப் பயணத்தில் நான் தேடி வந்த பொருள் இன்று கிடைத்தது.

'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரௌட்' நடக்கும் வெதர்பரி என்ற ஊருக்கு மூலம் படில்டவுன். கதைத்தலைவி பத்ஷீபாவின் பண்ணை வீட்டுக்கு மூலம் வாட்டர்ஸ்டன் மாளிகை. நாவலைப் படித்தவன் அந்த வீடு ஊரை ஒட்டியே இருப்பதாக நினைப்பான். வேலையாட்கள் மாலையில் கூடிப் பேசும் மால்ட் கிடங்கும், தேவாலயமும், பத்ஷீபாவின் களமும் கூப்பிடு தொலைவில் இருப்பதுபோலத்தான் கதை ஓடுகிறது. நாங்களோ தேவாலயத்தின் வாசலிலிருந்து காரை எடுத்து, ஓடையின் போக்கிலேயே குறுகிய சாலையில் ஏறக்குறைய இரண்டு மைல் போக வேண்டியிருந்தது.

லீயின் நூலில் என்னிடம் இருக்கும் படி பழைய புத்தகக் கடையில் வாங்கியது. எனக்கு முன் அதை வைத்திருந்த யாரோ ஒருவர், தாம் நடந்த இடங்களின் பக்கத்திலெல்லாம் மைல் கணக்கைப் பென்சிலால் குறித்திருக்கிறார். எண்கள் சிறியவை, அழுத்தமில்லாதவை, மழையில் எழுதினாரோ என்னவோ சில இடங்களில் ஈயம் பரவியிருக்கிறது. வாட்டர்ஸ்டன் மாளிகையின் பக்கத்தில் மட்டும் எண்ணை அழுத்தி எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடுகளின் வியப்பு இன்று காலையில் எனக்கு விளங்கியது.

ஆனால் வியக்கத் தேவையில்லாதபடி ஹார்டியே இதைச் சொல்லிவிட்டார். அந்த நாவலின் முன்னுரையில், தலைவியின் பழமையான அழகிய மாளிகை உண்மையான இடத்திலிருந்து ஒரு மைலோ அதற்கு மேலோ சூனியக்காரியின் சவாரி போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். வீட்டைத் தூக்கி வைத்தேன் என்று தம்மை முன்னிறுத்திக்கொள்ளாமல், வீடு தானாகவே இரவில் பறந்து போனதுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

வாட்டர்ஸ்டன் தனியார் வீடு, எனவே சாலையோரத்தில் நின்றே பார்த்தோம். சாம்பல் நிறக் கல் முகப்பு மரங்களுக்கு இடையே தெரிந்தது. "இவ்வளவு தூரத்துல வீட்டை வச்சா கதை நடக்காதே" என்றாள் அக்கா. அவள் நாவலைப் படித்ததில்லை. வழியெல்லாம் நான் சொன்ன கதையை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த வைக்கோற்போர்த் தீயையும், புயல் இரவில் கேப்ரியல் ஓக் தனியாளாகப் போர்களை மூடுவதையும், வேலையாட்கள் குடித்து மயங்கிக் கிடப்பதையும் மனத்துக்குள் இந்த வயல்களில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவள் சொன்னது சரி. ஊர் வாய்க்கு எட்டாத வீட்டில் பத்ஷீபாவின் கதையை நடத்த முடியாது. அவளை ஊர் பார்க்க வேண்டும், அவள் யாரோடு வருகிறாள் யாரோடு போகிறாள் என்று மால்ட் கிடங்கில் பேச வேண்டும்.

இதுதான் வீடு என்று காட்டுவதோடு நிற்கும் துணைநூல் பாதி வேலையைத்தான் செய்கிறது. இந்த வீடு கதைக்குள் போகும்போது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்து காட்டும்போதுதான், நாவலாசிரியரின் கை வேலை செய்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. லீயின் புகைப்படங்கள் கல்லையும் மரத்தையும் கண்முன் நிறுத்துகின்றன. கதையில் வரும் மாந்தரையும் இடங்களையும் அகரவரிசையில் விளக்கும் பகுதியைக் கொண்ட பினியனின் நூலோ, ஒரே மேசையில் எல்லா நாவல்களையும் விரித்து வைத்துப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துக் கையில் வைத்திருந்தவனுக்கே இந்த இரண்டு மைல் பொருள் தரும்.

மால்ட் கிடங்கைத் தேடவில்லை. அதை இடித்து இருபது ஆண்டுகள் ஆயிற்று என்று அதே முன்னுரையில் ஹார்டியே வருந்தியிருக்கிறார். தேடிப் போகிறவர்களின் ஏமாற்றத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த எழுத்தாளர் அவர்.

நான்காம் நாள்: பியர் ரீஜிஸ், வுல்

நேற்றுக் கண்டதற்கு நேர்மாறானது இன்று.

'டெஸ்' நாவலில், தந்தை இறந்து வீட்டையும் இழந்த பிறகு, டெஸ்ஸின் குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிங்ஸ்பியர் என்ற ஊருக்கு வருகிறது. பேசி வைத்த இடம் கிடைக்கவில்லை. வேறு வழியின்றித் தேவாலயத்தின் தென்சுவரோரம், தம் குல முன்னோர் புதைந்திருக்கும் பகுதிக்கு வெளியே, பெரிய சன்னலின் கீழே கட்டிலைப் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைக்கிறார்கள். கிங்ஸ்பியருக்கு மூலம் பியர் ரீஜிஸ். டெஸ்ஸின் டி'அர்பர்வில் குலத்துக்கு மூலம், இங்கே உண்மையாகவே வாழ்ந்து அற்றுப்போன டர்பர்வில்கள். நாவலுக்காகக் குலப்பெயரின் முதலெழுத்தை மாற்றியதைத் தவிர ஹார்டி அதில் எதையும் மாற்றவில்லை.

தேவாலயத்தின் கதவு திறந்திருந்தது, உள்ளே எங்களைத் தவிர எவரும் இல்லை. கூரையின் உத்தரங்களிலிருந்து மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய உருவங்கள் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் நேராகத் தென்புறத்துக்குப் போனேன். டர்பர்வில் கல்லறைகளின் பளிங்கில் ஒருகாலத்தில் பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டிருந்தன. தகடுகளை எவரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆணி இருந்த துளைகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. மணல் மேட்டில் குருவிகள் குடைந்த பொந்துகளைப் போல என்று நாவலில் ஹார்டி இத்துளைகளைச் சொல்வார். வகுப்பில் அந்த உவமையை எத்தனையோ முறை படித்துக் காட்டியிருக்கிறேன், அழகான உவமை என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். இன்று சுண்டுவிரலை ஒரு துளையில் வைத்துப் பார்த்தேன். நுனி மட்டும் நுழைந்தது. உள்ளே கல் குளிர்ந்திருந்தது, விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. பல நூற்றாண்டுப் பெருமையில் மிஞ்சியது ஒரு விரல் நுனி அளவு வெற்றிடம் என்பதை அந்த உவமை எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

தரையில் குடும்ப நிலவறையின் வாயிலை மூடிய கல் இருக்கிறது. டர்பர்வில் என்ற தொன்மையான குடும்பத்தின் கல்லறை வாயில் என்று லத்தீனில் வெட்டி, 24 ஜூன் 1710 என்று நாளும் இட்டிருக்கிறார்கள். டெஸ் இந்தக் கல்லின் முன் நின்று, இந்த வாயிலுக்குத் தவறான பக்கத்தில் நான் ஏன் இருக்கிறேன் என்று கேட்பாள். நாவலிலும் அதே லத்தீன் வரி வருகிறது.

வீட்டை ஒரு மைல் பறக்கவிட்டவர் இங்கே ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணின் மேல் ஒரு குலத்தின் பொய்ப் பெருமை ஏறி உட்கார்ந்து அவள் வாழ்வை அழிப்பதுதான் அந்தக் கதை என்பதால், அந்தப் பெருமை உண்மையான கல்லாக, உண்மையான எழுத்தாக, அசைக்க முடியாததாக இருக்க வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். இது எந்தத் துணைநூலும் எனக்குச் சொன்னதல்ல. ஆனால் அவை இல்லாமல் இந்த இரண்டு நாட்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

தேவாலயத்தைச் சுற்றி வந்து அந்தச் சன்னலுக்கு வெளியே புல்லில் நின்றபோது, அக்கா கேட்டது ஒன்றுதான்: "குழந்தைங்க எத்தனை பேரு?" டெஸ்ஸுக்குக் கீழே இருப்பவர்களை எண்ணிச் சொன்னேன். அக்கா கட்டில் போடக்கூடிய இடத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

பிற்பகலில் வுல் போனோம். டெஸ்ஸின் திருமண இரவு நடக்கும் வீட்டுக்கு மூலமான வுல்பிரிட்ஜ் மாளிகை, பழைய பாலத்தைத் தாண்டி ஃப்ரோம் ஆற்றின் கரையில் நிற்கிறது. மாடிச் சுவரோடு சுவராகத் தீட்டப்பட்ட டர்பர்வில் பெண்கள் இருவரின் ஓவியங்கள் அங்கே உண்மையாகவே இருந்தன என்பதுதான், டெஸ்ஸைத் திடுக்கிடச் செய்யும் அந்தப் படங்களின் பிறப்பிடம். பாலத்திலிருந்து பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம்.

ஐந்தாம் நாள்: ஸ்டின்ஸ்ஃபர்ட், புல்வெளிக்காடு, பிறந்த வீடு

காலையில் ஸ்டின்ஸ்ஃபர்ட் தேவாலய முற்றம். சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் இருக்க, ஹார்டியின் இதயம் மட்டும் இங்கே எம்மாவோடு புதைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய பாட்டனும் தந்தையும் நரம்பிசைக் கருவி வாசித்த தேவாலயம் இது. அந்த இசைக்குழுவே 'அண்டர் த கிரீன்வுட் ட்ரீ' நாவலில் மெல்ஸ்டாக் குழுவாக நடமாடுகிறது.

அங்கிருந்து ஹையர் பாக்ஹாம்ப்டனுக்குப் போய், பிறந்த வீட்டின் பின்புறத்துக் காட்டுப்பாதையில் ரெயின்பாரோ வரை நடந்தோம். 'ரிட்டர்ன் ஆஃப் த நேட்டிவ்' நாவலின் தொடக்கக் காட்சிகளில் சில இந்தப் புதைமேட்டின் உச்சியில் நடக்கின்றன. நாவலில் அது எக்டன் என்ற பெருவெளியின் நட்டநடுவே தனித்து நிற்கும். இங்கே மூன்று மேடுகள், அதுவும் வெளியின் ஓரத்தில். தேடி வருபவர்கள் ஏமாறாதிருப்பதற்காக என்று சொல்லி, 1912-இல் அந்த நாவலுக்கு ஹார்டி ஒரு குறிப்புச் சேர்த்தார். கதை நடுவில் நடந்தாலும் அதற்கு ஒத்த இடங்கள் மேற்கே பல மைல் தள்ளி ஓரத்தில்தான் இருக்கின்றன என்று அதில் தெளிவாகவே சொல்லிவிட்டார். குறைந்தது ஒரு டஜன் வெவ்வேறு பெயர்கொண்ட வெளிகளை ஒன்றாகச் சேர்த்தே எக்டன் என்று பெயரிட்டதாக முன்னரே எழுதியிருந்தார். இன்று அதில் பெரும்பகுதியில் ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. மீந்த இடத்தில் ஹெதர் பூக்கள் வாடிப் பழுப்பேறிக்கொண்டிருந்தன. மேட்டின் மேலிருந்து பார்த்தால் ஃப்ரோம் பள்ளத்தாக்கு முழுவதும் பசுமையாகத் தெரிகிறது. தரிசின் ஓரத்தில் நின்று வளத்தைப் பார்க்கும் இந்தக் காட்சியை விட்டுவிட்டு, நாற்புறமும் தரிசே சூழ்ந்த நடுவெளிக்குத் தம் மேட்டை அவர் கொண்டுபோயிருக்கிறார்.

திரும்பி வந்து வீட்டுக்குள் போனோம். மண்சுவரும் கூரைப்புல்லும் கொண்ட சிறிய வீடு. மாடியறையின் சன்னல் திண்டில் அமர்ந்துதான் இளைஞரான ஹார்டி பத்ஷீபாவின் கதையை எழுதினார். மெல்ஸ்டாக் குழுவின் டிரான்டர் டியூயி குடியிருக்கும் வீட்டுக்கும் இதுவே மூலம். லீயின் நூல் வெளிவந்த 1913-ஆம் ஆண்டிலேயே, ஹார்டியின் தம்பி இந்த வீட்டை விட்டு வேறிடம் போனார். அதன்பின் வாடகைக்கு வந்து 1921 வரை இங்கே குடியிருந்தவர் ஹெர்மன் லீ. படைப்பாளியின் நாட்டை ஊர் ஊராக அளந்தவர், அளந்து முடித்ததும் அவர் பிறந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டார் என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இன்று அந்த மரப்படிகளில் ஏறும்போதும் அப்படித்தான் இருந்தது.

கீழே இறங்கி வந்தபோது அக்கா தோட்டத்து இருக்கையில் அமர்ந்திருந்தாள். பையிலிருந்து நாவலை எடுத்து மடியில் வைத்திருந்தாள். லீயின் நூல் பக்கத்தில் மூடிக் கிடந்தது. பத்ஷீபாவின் வீடு கதையில் எந்த இடத்தில் முதலில் வருகிறது என்று கேட்டாள். பக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அங்கிருந்து படிக்காமல், அவள் முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.